இலண்டனில் தமிழ் ஒலியியலும் ஆங்கில ஆசிரியரின் மொழியியல் அறிவும்: 1934 முதல் 1990 வரை

முன்னுரை

குண்டூசியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் குப்பைத்தொட்டியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் 'பின்' என்றே அமையும். தமிழ் நெடுங்கணக்கில் பகரம் ஒன்றே. ஆங்கிலத்திலோ அவ்விடத்தில் ஒலி மாறினால் பொருளும் மாறும். இலண்டன் பள்ளியொன்றில் புதிதாகச் சேர்ந்த தமிழ்க் குழந்தை இவ்விரு சொற்களையும் ஒன்றுபோல் ஒலித்தால் ஆசிரியர் மூன்று முடிவுகளுள் ஒன்றுக்கு வரலாம். குழந்தைக்குச் செவிக்குறை உண்டு எனலாம். கற்றல் குறை உண்டு எனலாம். அல்லது, குழந்தை தன் தாய்மொழியின் விதியொன்றைப் பிழையின்றிப் பின்பற்றுகிறது எனலாம். முதலிரண்டு முடிவுகளும் குழந்தையை வேறொரு வகுப்புக்கோ மருத்துவச் சோதனைக்கோ அனுப்பக்கூடியவை. மூன்றாவது முடிவு பத்து நிமிடப் பாடமொன்றுக்கு வழிவகுப்பது. எம்முடிவை ஆசிரியர் எடுப்பார் என்பது அவர்தம் அன்பையோ உழைப்பையோ மட்டும் பொறுத்ததன்று. ஒலியன் என்னும் கருத்து அவருக்குத் தெரியுமா என்பதையும் பொறுத்தது.

இக்கருத்தைத் தமிழின்மேல் பொருத்திப் பார்க்கும் அறிவு இலண்டனில் 1930களிலேயே உருவாகியிருந்தது. ஆயின் அது ஆங்கிலேயர் தமிழ் கற்பதற்காக உருவான அறிவு. அரை நூற்றாண்டுக்குப் பின் அதே நகரில் தமிழ்க் குழந்தைகள் ஆங்கிலம் கற்க வந்தபோது, அவ்வறிவு அவர்தம் ஆசிரியருக்குரிய பொது அறிவாக மாறவில்லை. இதன் காரணங்களை வரலாற்று நோக்கில் ஆராய்வதும், ஆங்கிலம் கற்பிப்போர்க்கு இன்றியமையாத மொழியியல் கருத்துகள் சிலவற்றைத் தமிழ்வழி எடுத்துரைப்பதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

1. ஆங்கிலேயர் தமிழ் கற்ற காலம்

தமிழின் வல்லின எழுத்துகள் இடத்திற்கேற்ப வேறுபட்டு ஒலிப்பதை மேலைநாட்டார்க்கு முறைப்பட உணர்த்தியவர் இராபர்ட் கால்டுவெல். 1856இல் இலண்டனில் வெளிவந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில், வல்லினம் சொல்முதலிலும் இரட்டிக்கும்போதும் ஒலிப்பின்றியும், சொல்லிடையில் தனித்து வரும்போது ஒலிப்புடனும் வருதலை அவர் ஒரு விதியாகவே வகுத்துரைத்தார். 'காகம்' என்னும் சொல்லில் எழுத்து ஒன்றாயினும் முதற் ககரமும் இடைக் ககரமும் ஒலியால் வேறு. இவ்வேறுபாடு தமிழர்க்கு இயல்பு. அதனாற்றான் அதற்கெனத் தனியெழுத்து வேண்டப்படவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வாய்வு பல்கலைக்கழகத் துறையாக வளர்ந்தது. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 1907 முதல் ஒலியியல் கற்பித்த டேனியல் ஜோன்ஸ், 1921இல் அத்துறையின் பேராசிரியரானார். ஆங்கில உச்சரிப்பு அகராதியால் பெயர் பெற்ற அவர் ஆங்கிலத்தோடு நின்றுவிடவில்லை. தென்னாப்பிரிக்காவின் சாலமன் பிளாட்ஜேயோடு இணைந்து 1916இல் செச்சுவானா மொழிக்கும், எச். எஸ். பெரேராவோடு இணைந்து 1919இல் பேச்சுச் சிங்களத்துக்கும் ஒலியெழுத்து வாசக நூல்களை வெளியிட்டார். பொருளை வேறுபடுத்தும் ஒலிகளையும் வேறுபடுத்தா ஒலிகளையும் பிரித்தறியும் ஒலியன் கொள்கை பிரித்தானியாவில் பரவுவதற்கு அவர் பெரிதும் காரணமாயினார்.

1916இல் நிறுவப்பெற்று அடுத்த ஆண்டு மாணவரைச் சேர்த்துக்கொண்ட கீழைத்தேயக் கல்விக்கூடம், ஆட்சிப் பணிக்கும் சமயப் பணிக்கும் வணிகத்துக்கும் கிழக்கு நோக்கிச் செல்வோர்க்கு மொழிகளைக் கற்பித்தது. 1938இல் அது கீழைத்தேய, ஆப்பிரிக்கக் கல்விக்கூடம் எனப் பெயர் பெற்றது. இவ்விரு நிறுவனங்களையும் தம் வாழ்வால் இணைத்தவர் ஜே. ஆர். ஃபர்த். அவர் 1919 முதல் 1928 வரை இலாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். இந்திய மாணவர்க்கு ஆங்கிலம் கற்பித்த பட்டறிவோடு இலண்டன் திரும்பி ஜோன்ஸின் துறையில் சேர்ந்தவர். 1944இல் கீழைத்தேய, ஆப்பிரிக்கக் கல்விக்கூடத்தில் பிரித்தானியாவின் முதல் பொது மொழியியல் பேராசிரியரானவர்.

ஃபர்த் எழுதிய தமிழ் உச்சரிப்புச் சுருக்கம் 1934இல் வெளிவந்தது. அது தனி நூலன்று. சென்னைக் கிறித்தவ இலக்கியச் சங்கம் வெளியிட்ட ஆர்டன் பாதிரியாரின் தமிழ் இலக்கணத் திருத்தப் பதிப்பின் பின்னிணைப்பு. அந்நூலின் வாசகர், தமிழ் கற்க விழைந்த ஆங்கிலேயர். அவர்க்குத் தேவைப்பட்டது, தமிழெழுத்தை எவ்விடத்தில் எவ்வாறு ஒலிப்பது என்னும் வழிகாட்டல். ஃபர்த் பிற்காலத்தில் வளர்த்த கொள்கையும் இவண் நினைக்கத்தக்கது. ஒரு மொழியின் ஒலிகளை ஒரே பட்டியலுள் அடக்காது, சொல்முதலில் ஓர் அமைப்பு, சொல்லிடையில் வேறோர் அமைப்பு என இடந்தோறும் தனித்தனியே நோக்கல் வேண்டும் என்பது அவர்தம் நிலைப்பாடு. மொழிமுதல், மொழியிடை, மொழியிறுதி எனப் பகுத்துக் கூறும் தொல்காப்பியத்தின் நூன்மரபையும் மொழிமரபையும் கற்றவர்க்கு இந்நோக்கு புதுமையாகத் தோன்றாது.

இதே காலத்தில் ஈழத்தவரான க. கணபதிப்பிள்ளை, கி.பி. 7, 8ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளின் தமிழை ஆராய்ந்து இலண்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். இலங்கைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியராகிய அவரே யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழை நாடக மேடைக்கு ஏற்றியவர். உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தின் தோற்றத்துக்கு வித்திட்ட தனிநாயகம் அடிகளும் 1950களில் பண்டைத் தமிழரின் கல்விச் சிந்தனை குறித்து இலண்டனிலேயே ஆய்வு செய்தார். ஆர். ஈ. ஆஷர், ஜே. ஆர். மார் ஆகியோர் கீழைத்தேய, ஆப்பிரிக்கக் கல்விக்கூடத்தில் தமிழ் கற்பித்தனர். ஆகவே, தமிழொலிகளைப் பற்றியோ தமிழிலக்கணத்தைப் பற்றியோ அறிந்தவர் இலண்டனில் இல்லை என்னும் நிலை எக்காலத்தும் இருந்ததில்லை.

2. கற்பவர் மாறிய காலம்

இலங்கையிலிருந்து 1950, 60களில் இலண்டன் வந்த தமிழருள் பெரும்பாலோர் ஆங்கிலவழிக் கல்வி பெற்ற மருத்துவர், பொறியியலாளர், கணக்காளர் முதலியோர். அவர்தம் குழந்தைகளின் ஆங்கிலம் பள்ளிக்கு ஒரு சிக்கலாகத் தோன்றவில்லை. இலங்கையில் கல்வி தாய்மொழி வழியாக மாறியமை, 1956ஆம் ஆண்டின் சிங்களம் மட்டும் சட்டம், 1970களின் பல்கலைக்கழகத் தரப்படுத்தல் ஆகியன நிலைமையை மாற்றின. 1983 ஆடிக் கலவரத்தின் பின் ஏதிலியராக வந்தோருள் பலர் முழுமையாகத் தமிழ்வழி கற்றவர். நியூஹாம், பிரென்ட், ஹாரோ, மெர்ட்டன் முதலிய பகுதிகளின் பள்ளிகளில் தமிழ்க் குழந்தைகள் பெருகினர். இங்கிலாந்திலும் வேல்சிலும் முதன்மை மொழி எது எனக் கேட்ட 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் தமிழ் எனக் கூறியோர் ஓர் இலட்சத்தைத் தாண்டினர். அவர்களுள் பெரும்பாலோர் இலண்டன்வாசிகள்.

இக்குழந்தைகளை எதிர்கொள்ளப் பள்ளிகளிடம் இருந்தவை எவை? 1966ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, மொழியாலும் வழக்கங்களாலும் வேறுபட்ட பொதுநலவாய நாட்டுக் குடியேறியோர் வாழும் பகுதிகளில் கூடுதல் பணியாளரை அமர்த்த நிதியளித்தது. பள்ளிகள் மன்றத்தின் ஆதரவில் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான 'ஸ்கோப்' என்னும் பாடத்திட்டம் குடியேறிய குழந்தைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் முறைகளை வகுத்தது. இவை பயனுள்ள முயற்சிகளே. ஆயினும் சட்டத்தின் கண்ணில் கற்பவர் யாவரும் 'குடியேறியோர்' என்னும் ஒரே வகையினர். வங்காளக் குழந்தையும் கிரேக்கக் குழந்தையும் தமிழ்க் குழந்தையும் ஆங்கிலத்தை நோக்கி வெவ்வேறு திசைகளிலிருந்து வருகின்றனர் என்பது நிர்வாக வகைப்பாட்டில் இடம்பெறவில்லை.

மொழியியலைப் பள்ளி ஆசிரியரிடம் கொண்டுசேர்த்த பெருமுயற்சி, ஃபர்த்தின் மாணவரான எம். ஏ. கே. ஹாலிடே 1964 முதல் 1971 வரை இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நடத்திய மொழியியலும் ஆங்கிலப் போதனையும் என்னும் திட்டமாகும். ஆசிரியரும் மொழியியலாளரும் ஒன்றாய் அமர்ந்து பணியாற்றினர். குழந்தை தன் பேச்சு வாக்கியங்களைச் சொல்லட்டைகளால் தானே அமைத்து எழுத்தறிவு பெறும் முறை 1970இல் அதிலிருந்து உருவாயிற்று. எனினும் அத்திட்டத்தின் முதன்மை நோக்கு ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளே. ஏதிலியராய் வந்த தமிழ்க் குழந்தைகள் பள்ளி வாயிலை அடையுமுன்னரே அது நிறைவெய்தியும் விட்டது.

1975இல் வெளிவந்த புல்லக் குழுவின் அறிக்கை, பள்ளி வாயிலில் வீட்டுமொழியைக் களைந்துவிட்டு வருமாறு எக்குழந்தையையும் எதிர்பார்க்கலாகாது என்னும் கருத்தை வலியுறுத்தியது. மொழி பற்றிய அறிவு எல்லாப் பாட ஆசிரியர்க்கும் வேண்டும் என்றும் அது கூறியது. பின்னர் 1979 முதல் 1983 வரை இலண்டன் பல்கலைக்கழகக் கல்வியியல் நிறுவனத்தில் மொழிச் சிறுபான்மையினர் ஆய்வுத்திட்டம் நடைபெற்றது. பெரியோரின் மொழிப் பயன்பாட்டை அறிய அத்திட்டம் தேர்ந்த மொழிச் சமூகங்களுள் வங்காளம், சீனம், கிரேக்கம், குசராத்தி, இத்தாலியம், பஞ்சாபி, போலியம், போர்த்துக்கீசம், துருக்கியம், உக்ரைனியம் ஆகியன இருந்தன, தமிழ் இல்லை. இதனைப் புறக்கணிப்பு எனல் பொருந்தாது. ஆய்வு முடிந்த ஆண்டிலேயே தமிழரின் பெருவருகை தொடங்கிற்று. ஆயினும் அதன் விளைவாக, இலண்டன் பள்ளிகளின் மொழிகளை அறியவிழைந்த ஆசிரியரின் கையில் கிடைத்த நூல்களில் தமிழ் இடம்பெறாது போயிற்று.

3. வகுப்பறைக்குள் வந்த பொறுப்பு

1985இல் சுவான் குழுவின் அறிக்கை, இருமொழிக் குழந்தைகளைத் தனி மொழி மையங்களில் வைத்துக் கற்பிப்பதைக் கைவிட்டுப் பொது வகுப்பறையிலேயே கற்பிக்கப் பரிந்துரைத்தது. அடுத்த ஆண்டு இனச் சமத்துவ ஆணையம், கால்டர்டேல் உள்ளாட்சிப் பகுதியின் தனி மொழிவகுப்பு முறை பாகுபாடாக அமைந்தது என முடிவு கூறியது. குழந்தையைத் தோழரிடமிருந்து பிரிக்கலாகாது என்னும் இந்நிலைப்பாடு நீதியானது. ஆனால் அது மற்றொரு விளைவையும் உடன்கொணர்ந்தது. அதுவரை சிறப்பாசிரியரிடம் இருந்த மொழிப்பொறுப்பு கணித ஆசிரியருக்கும் அறிவியல் ஆசிரியருக்கும் வந்துசேர்ந்தது. பொறுப்பு வந்த விரைவில் அதற்கு வேண்டிய அறிவு வரவில்லை. தாய்மொழியைப் பேணுதல் அவ்வச்சமூகத்தின் கடமை என்றும் சுவான் அறிக்கை கருதியமையால், தமிழ் வார இறுதிப் பள்ளிகளிலும் ஆங்கிலம் வாரநாட் பள்ளிகளிலும் பிரிந்து நின்றன. ஒரே குழந்தையின் இரு மொழிகளையும் அறிந்த ஆசிரியர்கள் ஒருவரையொருவர் சந்திக்கும் வாய்ப்பு அரிதாயிற்று.

1988இல் கிங்மன் குழு, ஆசிரியர் யாவரும் ஆங்கில மொழியமைப்பை அறிதல் வேண்டும் எனப் பரிந்துரைத்தது. அதன் வழியே 1989 முதல் 1992 வரை தேசியப் பயிற்சித் திட்டமொன்று நடைபெற்றது. ஆனால் அத்திட்டம் உருவாக்கிய பயிற்சி ஏடுகளை வெளியிட 1991இல் அரசு மறுத்துவிட்டது. மொழியைச் சமூகத்தோடு சேர்த்து நோக்கியமையும், பழைய முறை இலக்கணப் பயிற்சியை முன்னிறுத்தாமையும் அம்மறுப்பின் பின்னணியில் இருந்தன. உள் இலண்டனின் கல்வி ஆட்சி அமைப்பு 1990இல் கலைக்கப்பட்டதால், பள்ளிகளுக்கு மொழித்துறை வழிகாட்டல் வழங்கிய ஒரு பொது மையமும் மறைந்தது.

இவ்வாறு நோக்கின், அறிவு பரவாமைக்குத் தொலைவு காரணமன்று. பல்கலைக்கழகக் கல்லூரி, கீழைத்தேய, ஆப்பிரிக்கக் கல்விக்கூடம், கல்வியியல் நிறுவனம் ஆகிய மூன்றும் புளூம்ஸ்பரிப் பகுதியில் சில நிமிட நடைத்தொலைவில் அமைந்தவை. அவற்றுள் ஒன்று ஒலிகளை ஆராய்ந்தது. மற்றொன்று ஆங்கிலேயர்க்குத் தமிழ் கற்பித்தது. மூன்றாவது ஆங்கில ஆசிரியரைப் பயிற்றுவித்தது. ஒவ்வோர் அறிவும் அதனை வேண்டியோரிடம் சென்றது. தமிழொலிகளைப் பற்றிய அறிவை வேண்டியோர் ஆட்சியாளரும் பாதிரியாருமாக இருந்தவரை அது இலக்கண நூலின் பின்னிணைப்பாயிற்று. பின்னர் வேண்டியவர் ஆறு வயதுக் குழந்தை; அக்குழந்தையால் அதனைக் கேட்க இயலாது. ஆசிரியர்க்கோ அத்தகைய அறிவு உண்டு என்பதே தெரியாது.

4. தமிழ்வழி விளங்கும் மொழியியல் கருத்துகள்

அப்பின்னிணைப்பின் திசையைத் திருப்பி, தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குச் செல்லும் குழந்தையின் நோக்கில் வைத்துப் பார்த்தால் ஆசிரியர்க்கு வேண்டிய அடிப்படைக் கருத்துகள் தெளிவாகின்றன.

முதலாவது, ஒலியனும் மாற்றொலியும். முன்னுரையில் கூறிய 'பின்' எடுத்துக்காட்டில் ஆசிரியரின் செவிக்கும் பங்குண்டு. ஆங்கிலேயர் சொல்முதல் ஒலிப்பிலாப் பகரத்தைச் சிறு மூச்சோடு வெளியிடுவர். தமிழர் மூச்சின்றி ஒலிப்பர். அம்மூச்சையே அடையாளமாகக் கொண்டு கேட்கும் ஆங்கிலச் செவிக்கு, தமிழ்க் குழந்தையின் சரியான ஒலிப்பிலாப் பகரம்கூட ஒலிப்புடைய பகரமாகவே படும். ஆதலின் 'இன்னும் உரக்கச் சொல்' என்பது பயன் தராது. உதட்டின்முன் ஒரு தாள்துண்டைப் பிடித்து, சொல்லும்போது அது அசைய வேண்டும் எனக் காட்டுவதே பயன் தரும். குழந்தையின் செவி நலமா என்பதை அறிய 'மனம்', 'மணம்' என்னும் இரு சொற்களைத் தமிழறிந்தவர் ஒருவர் சொல்லிப் பொருள் கேட்டால் போதும். குழந்தை வேறுபாட்டை உடனே உணரும். உடனிருக்கும் ஆங்கில ஆசிரியருக்கு அவ்வேறுபாடு பெரும்பாலும் கேட்காது. அதனால் ஆசிரியரைச் செவிக்குறையுடையவர் என எவரும் கூறுவதில்லை. இந்நியாயம் குழந்தைக்கும் உரியது. 'பஸ்' முதலிய கடன்சொற்களின் வழியாகச் சொல்முதல் ஒலிப்பொலிகள் தமிழ்ப் பேச்சில் புகுந்துள்ளமையால், இவ்விடர் எல்லாத் தமிழ்க் குழந்தைகளுக்கும் ஒரே அளவினதன்று என்பதும் கருதத்தக்கது.

இரண்டாவது, அசையமைப்பு. வல்லின மெய்யைச் சொல்லிறுதியில் நிறுத்துதல் தமிழ் மரபன்று. அவ்விடத்தில் குற்றியலுகரம் வந்து இசையும். புத்தகத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் தமிழர் வாயில் 'புக்கு' ஆவது இதனாலாகும். சொல்முதலில் மெய்ம்மயக்கம் வாராமையால் பள்ளியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் 'இஸ்கூல்' ஆகிறது. லகரம் மொழிமுதலாகாமையால் இந்நகரின் பெயரையே நாம் 'இலண்டன்' என எழுதுகிறோம். தொல்காப்பியர் கூறிய விதிகளைக் கல்லாத குழந்தையும் அவற்றை வாயால் கடைப்பிடிக்கிறது. பிழை எனத் தோன்றுவது ஒழுங்கே என அறியும் ஆசிரியர், அவ்வொழுங்கை அறிந்தே புதிய ஒழுங்கைக் கற்பிப்பார்.

மூன்றாவது, வட்டார வழக்கு. சென்னையில் 'டிக்கெட்' என்றும் 'டொராண்டோ' என்றும் எழுதப்படுபவை யாழ்ப்பாணத்தார் எழுத்தில் 'ரிக்கெற்', 'ரொறன்ரோ' என வரும். இஃது எழுத்துக் குழப்பமன்று. ஆங்கிலத்தின் அவ்வொலி நுனிநா பல்லண்ணத்தைத் தொடுவதால் பிறப்பது. யாழ்ப்பாண வழக்கில் 'வெற்றி', 'காற்று' என்பவற்றின் றகர இரட்டை அவ்விடத்திலேயே பிறக்கிறது. தமிழகப் பேச்சில் அவ்வொலி பெரும்பாலும் மறைந்தமையால் அண்மையிலுள்ள டகரம் அதன் இடத்தைக் கொண்டது. ஆகவே, யாழ்ப்பாணக் குழந்தையிடம் 'காற்று' என்னும் சொல்லைச் சொல்லச் செய்து, நா நின்ற இடத்திலேயே ஆங்கில ஒலியையும் பிறப்பிக்கச் சொல்லலாம். தமிழகக் குழந்தைக்கு வேறு வழி வேண்டும். யாழ்ப்பாணத் தமிழை முறைப்பட விளக்கிய சு. சுசீந்திரராசா முதலியோரின் ஆய்வுகள் 1960களிலிருந்தே தமிழுலகில் உள்ளன. 'தமிழ் பேசும் குழந்தை' என்னும் பதிவேட்டுக் குறிப்பு இவ்வளவு நுட்பத்தையும் மறைத்துவிடுகிறது.

நான்காவது, தொடரமைப்பு. 'நான் நேற்று வாங்கிய புத்தகம்' என்னும் பெயரெச்சத் தொடரில் விளக்கம் முன்னும் பெயர் பின்னும் நிற்கும். ஆங்கிலத்தில் முறை தலைகீழாகும். 'எனக்கு ஒரு தம்பி இருக்கிறான்', 'எனக்குப் பசிக்கிறது' என நான்காம் வேற்றுமை கொள்ளுமிடத்தில் ஆங்கிலம் எழுவாயைக் கொள்ளும். ஆங்கிலத்தின் சுட்டிடைச் சொற்களுக்கு நேர்நிகர் தமிழில் இல்லை. 'நீ எழுதவில்லையா?' என வினவின், எழுதாத தமிழ்க் குழந்தை 'ஓம்' என்றோ 'ஆம்' என்றோ விடையிறுக்கும். வினவியவர் கூற்றை அது உடன்படுகிறது. ஆங்கிலத்தில் அவ்விடை நேர்மாறான பொருள் தரும். இதனை அறியாத ஆசிரியர் குழந்தை பொய்யுரைப்பதாக எண்ணக்கூடும். மறுபுறம், ஆண்பால் பெண்பாற் சுட்டுப்பெயர்களை வேறுபடுத்துவது 'அவன்', 'அவள்' என வழங்கும் தமிழ்க் குழந்தைக்கு எளிது. அவ்வேறுபாடில்லாத வங்காளமொழிக் குழந்தைக்குக் கடினம். 'ஆசியக் குழந்தைகளின் பிழைகள்' எனப் பொதுப்பட வகுக்கும் பட்டியல் ஈண்டுப் பயனற்றதாகிறது.

ஐந்தாவது, இரட்டை வழக்கு. வீட்டில் பேசும் தமிழும் நூலில் எழுதும் தமிழும் வேறு. வார இறுதியில் எழுத்துத் தமிழ் கற்கும் குழந்தை, உண்மையில் மூன்று மொழிவடிவங்களினூடே வளர்கிறது. தமிழில் எழுதத் தடுமாறும் குழந்தையைத் 'தாய்மொழியும் அறியாத குழந்தை' எனப் பதிவது இவ்வேறுபாட்டை அறியாமையின் விளைவேயாகும்.

5. ஓர் ஐயமும் விடையும்

இலண்டன் பள்ளிக் குழந்தைகள் 300க்கும் மேற்பட்ட மொழிகளைப் பேசுவதை 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று எடுத்துக்காட்டியது. ஓராசிரியர் அத்துணை மொழிகளையும் எவ்வாறு அறிவார் என்னும் வினா இயல்பானது. விடை இதுவே: அவர் மொழிகளை அறிய வேண்டுவதில்லை, மொழிகளைப் பற்றி எவற்றை வினவுவது என அறிந்தால் போதும். இம்மொழியில் எவ்வொலிகள் பொருளை வேறுபடுத்துகின்றன? சொல்லின் முதலிலும் இறுதியிலும் எவ்வொலிகள் வரலாம்? குடும்பம் எவ்வட்டாரத்தது? வினை தொடரின் எவ்விடத்தில் நிற்கும்? பேச்சும் எழுத்தும் ஒன்றா, வேறா? இவ்வைந்து வினாக்களும் எம்மொழிக்கும் பொருந்துவன. விடைகளைப் பெற்றோரிடமிருந்தும், அவ்வச்சமூகத்தின் வார இறுதிப் பள்ளி ஆசிரியரிடமிருந்தும், சற்று வளர்ந்த குழந்தைகளிடமிருந்துமே பெறலாம். அடிப்படை மொழியியல் ஆசிரியர்க்குத் தருவது இவ்வினாக்களையே.

ஈண்டுத் தமிழறிஞர்க்கும் தமிழ்ப் பள்ளிகளுக்கும் ஒரு கடமை உண்டு. குற்றியலுகரத்தையும் மொழிமுதல் எழுத்துகளையும் நாம் தேர்வுக்குரிய செய்திகளாகவே கற்பித்து வந்துள்ளோம். அவை வாழும் குழந்தையின் நாவில் இயங்கும் விதிகள் என்பதை அயல்மொழி ஆசிரியர்க்கு எடுத்துரைக்கும் பணியை நாம் மேற்கொள்ளவில்லை. ஆங்கில நிறுவனங்களின் குறையைச் சுட்டுமிடத்து இதனையும் சுட்டுதல் முறையாகும்.

முடிவுரை

இலண்டனில் தமிழொலியியல் அறிவு 1934 முதல் அச்சில் இருந்தது. 1983க்குப் பின் அதனை வேண்டிய வகுப்பறைகளும் அதே நகரில் இருந்தன. இரண்டும் இணையாமைக்கு எவர் ஒருவரது தீநோக்கும் காரணமன்று. அறிவு யாருக்காக உருவாக்கப்பட்டதோ அவரிடமே தங்கியது. கற்பவரை மொழியால் நோக்காது குடியேற்ற நிலையால் நோக்கிய சட்டமும், பொறுப்பை முன்னும் பயிற்சியைப் பின்னும் வழங்கிய கொள்கையும் அப்பிரிவை நிலைநிறுத்தின.

இவ்வரலாற்றிலிருந்து இரு பரிந்துரைகளை முன்வைக்கலாம். ஒன்று, ஆங்கில ஆசிரியர்க்கெனத் தமிழின் ஒலி, சொல், தொடர் அமைப்புகளை, யாழ்ப்பாண, தமிழக வழக்கு வேறுபாடுகளோடு விளக்கும் சிறு கையேடொன்றை ஆக்குதல். அது சில பக்கங்களே கொண்டதாய், வகுப்பறையில் எடுத்தாளத்தக்கதாய் அமைதல் வேண்டும். மற்றொன்று, வார இறுதித் தமிழாசிரியரும் வாரநாள் ஆங்கில ஆசிரியரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் கூடி, தம் பொது மாணவரின் எழுத்தையும் பேச்சையும் ஒருங்கே நோக்குதல். ஃபர்த் ஆங்கிலேயர்க்காகத் தொடங்கிவைத்த பணியின் மறுபாதி தமிழ்க் குழந்தைகளுக்காக இன்னும் எஞ்சியுள்ளது. அதனை நிறைவேற்றத்தக்க அறிவு, அயல்மொழி ஆய்வுகளிலும் நம் இலக்கண மரபிலும் ஏலவே உள்ளது.